மூன்று அங்குல நியாயம்

மடக்குக் கத்தி இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆப்பிள் நறுக்கவும் பார்சல் பிரிக்கவும் பயன்படும் அந்தச் சிறு கருவியை அரசாங்கங்கள் அங்குல அங்குலமாக அளந்துகொண்டிருக்கின்றன. இந்த இழுபறியில் தப்பியது எது, தொலைந்தது எது?

முதலில் காதில் விழுவது ஒரு சத்தம். 'டக்'.

பென்சில்வேனியாவோ ஷெஃபீல்டோ, பழைய பாணி மடக்குக் கத்திப் பிரியர்கள் நாலு பேர் கூடிவிட்டால் இதுதான் காட்சி. ஒருவர் கால்சட்டைப் பையிலிருந்து விரல் நீளக் கத்தி ஒன்றை எடுக்கிறார். மடக்கிய நிலையிலேயே நீட்டுகிறார். திறந்த கத்தியைக் கைமாற்றுவது இங்கே மரியாதைக் குறைவு. வாங்கியவர், "திறக்கலாமா?" என்று கேட்கிறார். தலையசைப்புக் கிடைத்ததும், அலகின் மேல்விளிம்பை ஒட்டி வெட்டியிருக்கும் நகக்குழியில் கட்டைவிரல் நகத்தைச் செருகி இழுக்கிறார். பாதி வழியில் அலகு ஒரு கணம் நின்று, மறுபடி நகர்ந்து, 'டக்'கென்று நேராகிறது. மடக்கிப் பார்க்கிறார். திரும்பத் திறக்கிறார். இந்த வட்டாரத்தில் இதற்கு 'நடையும் பேச்சும்' பார்ப்பது என்று பெயர். அலகு தடங்கலின்றி நகர்வது நடை. வில் அடிக்கும் ஓசை பேச்சு.

மேசைமேல் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. ஒருவருடைய அலகு, வெங்காயமும் ஆப்பிளும் நறுக்கி நறுக்கி நீலச் சாம்பல் பூத்திருக்கிறது. இன்னொருவருடையது தாத்தா வைத்திருந்தது. சாணைக்கல்லில் தீட்டித் தீட்டி அலகு பாதி அகலத்துக்குத் தேய்ந்துவிட்டது. மூன்றாமவரின் கத்தியில் மாட்டெலும்புப் பிடி. கட்டைவிரல் படும் இடம் மட்டும் வழவழவென்று மின்னுகிறது. "இன்றைக்குப் பையில் எது?" என்பதுதான் இவர்கள் சந்தித்தவுடன் கேட்டுக்கொள்ளும் கேள்வி. காலையில் எந்தக் கத்தியை எடுத்துக்கொள்வது என்று முடிவெடுப்பது, எந்தப் புடவை உடுத்துவது என்பதற்கு இணையான யோசனை. எடுத்ததைப் படம்பிடித்து மற்றவர்களுக்குக் காட்டுவதும் அன்றாடச் சடங்கு. படத்தில் கத்திக்குப் பக்கத்தில் அநேகமாக ஒரு பழமோ, சீவிய பென்சிலோ, அறுத்த சணல் கயிறோ இருக்கும்.

அந்தப் பழம் அழகுக்காக மட்டும் வைக்கப்படவில்லை. 'இது கருவி, ஆயுதம் அல்ல' என்ற வாக்குமூலமும் அதில் இருக்கிறது. இதே காலத்தில்தான் பிரிட்டன் தெருக்களில் கத்திகளைப் போட்டுவிட்டுப் போவதற்கென்றே இரும்புப் பெட்டிகள் நிற்கின்றன. ஜெர்மனியில் தொலைதூர ரயிலில் கத்தியோடு ஏற முடியாது. விமான நிலையங்களில் தினமும் கூடை கூடையாகச் சிறு கத்திகள் பறிபோகின்றன. ஒரு பக்கம் பிரியம், மறுபக்கம் பயம். இரண்டுக்கும் நடுவில் அந்த விரல் நீளக் கத்தி.

வில் உண்டு, பூட்டு இல்லை

'பழைய பாணி' என்று இவர்கள் சொல்வதற்கு ஓர் இலக்கணம் உண்டு. கைப்பிடியின் முதுகுப் பக்கத்தில் ஓர் எஃகுப் பட்டை ஓடும். அது வில்லாக வளைந்து அலகின் அடிப்பாகத்தை அழுத்திக்கொண்டே இருக்கும். திறந்திருந்தால் திறந்த நிலையில், மடங்கியிருந்தால் மடங்கிய நிலையில் பிடித்துவைப்பது அந்த அழுத்தம்தான். பூட்டு எதுவும் கிடையாது. முதுகுப் பக்கம் கொஞ்சம் அழுத்தினால் கத்தி மடங்கிவிடும். திறக்க இரண்டு கை வேண்டும். பொத்தானைத் தட்டினால் பாய்ந்து வரும் பட்டன் கத்திக்கும் இதற்கும் உறவே இல்லை.

இந்த வில் அமைப்பு 17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பரவியது. அந்த ஊருக்கும் கத்திக்கும் உள்ள பந்தம் அதைவிடப் பழையது. 14-ம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர், தன் கதைமாந்தர் ஒருவரின் காலுறையில் ஷெஃபீல்டு கத்தியைச் செருகி வைத்திருக்கிறார். 1624-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் கத்தித் தொழிலாளர் சங்கமே அமைந்தது. அடிப்பவர், தீட்டுபவர், பூட்டி முடிப்பவர் என்று மூன்று தொழில்; ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டறை. வாடகை அறையில் சொந்தமாக வேலை பார்த்த சிறு கைவினைஞர்களை அந்த ஊரில் 'லிட்டில் மெஸ்டர்' என்பார்கள். இறகுப் பேனாவைச் சீவ எழுத்தர்களுக்கும், குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கக் குதிரைக்காரர்களுக்கும், புகையிலை நறுக்க மாலுமிகளுக்கும் என்று தனித்தனி வடிவங்களை அவர்கள் செய்து கொடுத்தார்கள்.

அந்தப் பளபளப்புக்கு விலையும் உண்டு. சாணைத் தூசு நுரையீரலில் படிந்து தொழிலாளர்களைக் கொன்றது. தண்ணீர் விடாமல் உலர் சாணையில் முள்கரண்டி தீட்டியவர்கள் நடுத்தர வயதைப் பார்ப்பதே அபூர்வம் என்று 19-ம் நூற்றாண்டு மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். 1845-ல் ஏங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய நூலிலும் ஷெஃபீல்டு சாணைக்காரர்களின் இருமல் இடம்பெற்றிருக்கிறது.

---

பெட்டிச் செய்தி: பைக்குள் ஓர் உலகம்

ஸ்டாக்மேன் (அமெரிக்கா): மூன்று அலகு. கால்நடை வளர்ப்பவர்களுக்கானது. அதில் முனை மழுங்கிய ஓர் அலகு, காயடிப்பதற்கென்றே வந்தது.

பார்லோ: ஷெஃபீல்டில் பிறந்து அமெரிக்கச் சிறுவர்களின் பைக்குள் குடியேறியது. மார்க் ட்வைன் 1876-ல் வெளியிட்ட நாவலில் டாம் சாயருக்குப் பரிசாகக் கிடைப்பது இதுதான்.

ஒபினெல் (பிரான்ஸ்): சவோய் மலைப்பகுதியில் 1890-ல் ஜோசஃப் ஒபினெல் உருவாக்கியது. பீச் மரப் பிடி. 1955-ல் பூட்டு வளையம் சேர்ந்தது. எண் போட்டு அளவு சொல்வார்கள்.

லாகியோல் (பிரான்ஸ்): ஒப்ராக் பீடபூமியின் மேய்ப்பர் கத்தி. வயிறு உப்பிய மாட்டுக்குக் காற்று வெளியேற்றும் ஊசியும் சிலவற்றில் உண்டு. முதுகில் ஒரு தேனீ உருவம்.

டூக்-டூக் (பிரான்ஸ்): 1929-ல் தியேர் நகரில் தோன்றியது. பசிபிக் தீவுச் சந்தைக்கென்று செய்தார்கள். வட ஆப்பிரிக்காவில் கொடிகட்டிப் பறந்தது.

ஹிகோனோகாமி (ஜப்பான்): மிகி நகரத்துக் கத்தி. மடித்த தகடுதான் பிடி. வில்லும் இல்லை, பூட்டும் இல்லை; பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

சுவிஸ் ராணுவக் கத்தி: கார்ல் எல்ஸெனர் 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குத் தரத் தொடங்கினார். இன்று நாம் அறிந்த சிவப்புக் கத்தியின் மூதாதை 1897-ல் பதிவானது.

---

சட்டம் தீட்டிய அலகு

மடக்குக் கத்தியின் வடிவத்தைத் தீர்மானித்தவர்களில் கொல்லர்களுக்குச் சமமாக ஆட்சியாளர்களும் இருக்கிறார்கள். 1669-ல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, கூர்முனைக் கத்திகளுக்குத் தடை போட்டார். 1908-ல் இத்தாலியில் ஜியோலித்தி அரசு, கூர்முனை உள்ள மடக்குக் கத்தியின் அலகு 4 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று விதித்தது. தென் இத்தாலியக் கொல்லர்கள் என்ன செய்தார்கள்? முனையை வெட்டி மழுக்கி, நீளத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் அந்த முனையற்ற கத்திகள், ஒரு சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனதில் பிறந்தவை.

பிரிட்டனில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். 1988-ம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் 139-வது பிரிவு, பொது இடத்தில் தகுந்த காரணமின்றிக் கூரான பொருள் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஒரே ஒரு விலக்கு: வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தி. உடனே ஒரு கேள்வி முளைத்தது. திறந்தபின் பூட்டிக்கொள்ளும் கத்தி, மடக்குக் கத்தியா? இல்லை என்றது 1993-ல் வந்த தீர்ப்பு. பொத்தானை அமுக்கியோ வளையத்தைத் திருகியோதான் மடக்க முடியும் என்றால், திறந்திருக்கும்போது அது நிலைத்த அலகுள்ள கத்திதான் என்பது நீதிமன்றத்தின் தர்க்கம். அந்த ஒரு தீர்ப்பால் ஒபினெல்லின் 6-ம் எண் முதல் பெரியவையெல்லாம் விலக்குக்கு வெளியே போயின. சின்னஞ்சிறு 2 முதல் 5 வரையிலான எண்களில் பூட்டு வளையம் இல்லாததால் அவை தப்பின.

விளைவைப் பாருங்கள். பூட்டு வந்ததே விரலைக் காப்பாற்ற. அலகு தவறுதலாக மடங்கி விரல் வெட்டுப்படாமல் இருக்கத்தான் ஒபினெல் வளையத்தைச் சேர்த்தது. சட்டமோ அதே பூட்டைச் சந்தேகிக்கிறது. பூட்டிய கத்தியால் குத்துவது எளிது என்பதால். ஆக, தாத்தா காலத்துப் பூட்டில்லாக் கத்திதான் இன்றைய பிரிட்டனில் கேள்வி கேட்கப்படாமல் பையில் வைத்துக்கொள்ளக் கூடியது. ஒற்றைக்கையால் திறக்கும் நவீனக் கத்திகளுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனங்கள்கூட, இந்தச் சந்தைக்காகப் பூட்டில்லாத மாதிரிகளைத் தயாரிக்க வேண்டிவந்தது. பழைய பாணிக்கு இந்தத் தலைமுறையில் கிடைத்த மறுவாழ்வில் ஏக்கத்துக்கு ஒரு பங்கு என்றால், சட்டத்துக்கும் ஒரு பங்கு.

ஜெர்மனி 2008-ல் வேறொரு கோடு போட்டது. ஒற்றைக்கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைக் காரணமின்றி எடுத்துச்செல்லக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு வடிவமைப்பில் சுவிஸ் ராணுவம் தன் வீரர்களுக்குத் தந்த புதிய கத்தி, ஒற்றைக்கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் வகை. எல்லை தாண்டினால் சிக்கல்.

2024 ஆகஸ்ட் 23 அன்று ஸோலிங்கன் நகரின் 650-வது ஆண்டு விழாவில் ஒருவன் கத்தியால் தாக்கியதில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். ஜெர்மனியின் கத்தித் தலைநகரம் ஸோலிங்கன். அந்த ஊரின் பெயரைக் கத்தியில் பொறிக்க யாருக்கு உரிமை என்று 1938 முதலே சட்டம் இருக்கிறது. அந்த ஊரிலேயே இப்படி நடந்தது நாட்டை உலுக்கியது. அக்டோபர் இறுதிக்குள் புதிய சட்டம் அமலுக்கு வந்தது: திருவிழாக்களிலும் தொலைதூரப் பொதுப் போக்குவரத்திலும் கத்திக்கு இடமில்லை. உயிரிழந்தவர்களின் குடும்பங்கள் முன்னால் நின்றுகொண்டு, 'ஆப்பிள் நறுக்க வேண்டுமே' என்று யாரும் வாதாட முடியாது. கத்திப் பிரியர்கள் பலருக்கும் அது தெரியும். அவர்கள் கேட்பது வேறு. இங்கிலாந்து, வேல்ஸ் புள்ளிவிவரங்களில் கூர்ங்கருவிக் கொலைகளில் திரும்பத் திரும்ப முதலிடம் பிடிப்பது சமையலறைக் கத்தி. அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. வீட்டுக்குள் இருக்கும்வரை அதை எந்த அங்குலக் கணக்கும் தொடுவதில்லை.

காவல் துறையின் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நடுத்தெருவில் சோதனைபோடும் காவலருக்கு எதிரில் நிற்பவரின் மனம் தெரியாது. அளக்கக்கூடியது அலகின் நீளம் மட்டும்தான். அதனால் அளக்க முடிந்ததைச் சட்டமாக எழுதுகிறார்கள்.

---

பெட்டிச் செய்தி: எங்கே எவ்வளவு?

பிரிட்டன்: வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்குள், பூட்டில்லாத மடக்குக் கத்தி என்றால் காரணம் சொல்லத் தேவையில்லை. தாக்கும் எண்ணத்தோடு வைத்திருந்தால் எந்த அளவும் குற்றமே.

ஜப்பான்: அலகு 6 சென்டிமீட்டரைத் தாண்டினால் தகுந்த காரணம் வேண்டும். மெல்லிய, பூட்டில்லாத மடக்குக் கத்திக்கு 8 சென்டிமீட்டர் வரை தளர்வு.

பிரான்ஸ்: கத்தி 'டி' பிரிவு ஆயுதம். வாங்கலாம், வீட்டில் வைக்கலாம். எடுத்துச்செல்ல நியாயமான காரணம் வேண்டும்.

நியூயார்க்: உதறினால் திறக்கும் கத்திகள் மீதான மாநிலத் தடை, 2019-ல் நீங்கியது. வேலைக்கு எடுத்துப்போன சாதாரணக் கத்திக்காகத் தொழிலாளர்கள் கைதானது பெரிய சர்ச்சையாகியிருந்தது.

இந்தியா: வீடு, விவசாயம், தொழில், அறிவியல் பயன்பாட்டுக்கானவை தவிர, அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டும் கத்திகள் ஆயுத விதிகளின் கீழ் வரும். விமானக் கைப்பையில் கத்திக்கு அனுமதி இல்லை. உள்நாட்டு விமானங்களில் சீக்கியர்களின் கிர்பானுக்கு மட்டும் அளவுக் கட்டுப்பாட்டுடன் விலக்கு.

---

விமான நிலையத்தில் தொலைந்தவை

கத்தி வணிகத்தை ஒரே நாளில் புரட்டிப்போட்டது 2001 செப்டம்பர் 11. அதுவரை விமான நிலையக் கடைகளில் சாக்லேட்டுக்குப் பக்கத்திலேயே சிவப்பு நிற சுவிஸ் கத்திகள் தொங்கின. தாக்குதலுக்குப் பிறகு அந்தக் கடைகளிலிருந்து அவை மறைந்தன. எல்ஸெனர் தொடங்கிய விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் கத்தி விற்பனை ஏறத்தாழ 30 சதவீதம் சரிந்தது. அந்த நிறுவனம் ஆட்குறைப்பு செய்யவில்லை. கூடுதல் நேர வேலையை நிறுத்தியது, விடுப்பில் போகச் சொன்னது, பக்கத்து நிறுவனங்களுக்குத் தொழிலாளர்களைத் தற்காலிகமாக அனுப்பிவைத்தது. கூடவே கைக்கடிகாரம், பயணப் பெட்டி, வாசனைத் திரவியம் போன்ற பிற வணிகங்களையும் வளர்த்தது. நூறாண்டுக்கும் மேலாகப் போட்டியாளராக இருந்த வெங்கர் நிறுவனம் 2005-ல் அதன் கைக்கே வந்துசேர்ந்தது.

அமெரிக்காவில் 2013 மார்ச் மாதம், 6 சென்டிமீட்டருக்குட்பட்ட பூட்டில்லாத சிறு கத்திகளை விமானத்தில் அனுமதிக்கலாம் என்று பாதுகாப்பு அமைப்பு அறிவித்தது. விமானப் பணியாளர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. ஜூன் மாதம் அறிவிப்பு கைவிடப்பட்டது. இன்றும் அங்கே பறிமுதலாகும் கத்திகள் மாநில அரசுகளின் உபரிப் பொருள் ஏலத்துக்குப் போகின்றன. எடைக்கு எடை, பெட்டி பெட்டியாக. அதை ஏலம் எடுப்பவர்களில் கத்திப் பிரியர்களும் உண்டு. யாரோ ஒருவர் மறதியாகப் பையில் வைத்து இழந்த கத்தி, இன்னொருவரின் மேசைக்கு வருகிறது.

2024-ல் விக்டோரினாக்ஸ் இன்னொரு படி போனது. அலகே இல்லாத பல்பயன் கருவிகளை உருவாக்கி வருவதாக அதன் தலைவர் அறிவித்தார். பல நாடுகளில் கடுமையாகிவரும் சட்டங்களைத்தான் காரணமாகச் சொன்னார். கத்தியால் பிழைத்த குடும்பமே கத்தியை எடுத்துவிட்டுக் கருவி செய்ய யோசிக்கும் நிலை.

பிரியர்கள் காப்பாற்றிய பட்டறை

அமெரிக்காவில் வேறு மாதிரி வீழ்ச்சி. விலை மலிந்த இறக்குமதியும், பெட்டியைப் பிரிக்க ஒருமுறை உபயோகித்துத் தூக்கியெறியும் பிளேடுகளும் வந்தபின், பழைய ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. நியூயார்க் மாநிலத்தின் ஷ்ரேட் 2004-ல் மூடியது. கமில்லஸ் 2007-ல். பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் நகரில் 1922 முதல் இயங்கிய குயின் ஆலை 2018-ல் கதவைச் சாத்தியது.

அதே டைட்டஸ்வில்லில்தான் 2006-ல் கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி தொடங்கியது. பழைய வடிவங்கள், துருப்பிடிக்கக்கூடிய 1095 கார்பன் எஃகு, குறைந்த எண்ணிக்கை. பொதுச் சந்தையை நம்பாமல், தினமும் கத்தி எடுத்துச்செல்லும் பிரியர்களை நம்பி இறங்கிய தொழில் அது. நம்பிக்கை வீண்போகவில்லை, அளவுக்கு மீறியே பலித்தது. புதிய தொகுதி வந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. கொஞ்ச நாளில் அதே கத்தி இரண்டு மடங்கு விலையில் மறுவிற்பனைக்கு வருகிறது. அதே மாநிலத்தின் பிராட்ஃபோர்டில் இயங்கும் கேஸ் நிறுவனமோ சேகரிப்பாளர்களின் மொழியையே பேசுகிறது. 6254 என்றால் எலும்புப் பிடி, இரண்டு அலகு, 54-வது வடிவம். அலகின் அடியில் பொறித்த புள்ளிகளை எண்ணித் தயாரான ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். 1970-ல் பத்துப் புள்ளிகளோடு தொடங்கி, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள்.

பிரியம் முற்றினால் விபரீதமும் வரும். பெட்டியை விட்டு வெளியே வராத கத்திக்கு இவர்கள் வைத்திருக்கும் கேலிப்பெயர் 'பெட்டகத்து ராணி'. ஒருமுறைகூட ஆப்பிளைத் தொடாமல், விலை ஏறக் காத்திருக்கும் கத்தி. ஒரு காலத்தில் பண்ணையாள் வாரக்கூலியில் மிச்சம்பிடித்து வாங்கிய பொருள், இப்போது உழைப்பாளியின் கைக்கு எட்டாத விலையில் பஞ்சணையில் தூங்குகிறது. அதனால்தான் அன்றாடம் எடுத்துச்செல்பவர்கள் தங்களை வெறும் சேகரிப்பாளர்களிடமிருந்து பிரித்துக் காட்டிக்கொள்கிறார்கள். கறையேறிய அலகும் கீறல் விழுந்த பிடியும் அவர்களுக்குக் குறையல்ல, தகுதிச் சான்று.

ஷெஃபீல்டில் நிலைமை மெலிந்துபோயிருக்கிறது. பழைய முறையில் கத்தி செய்த கடைசி 'லிட்டில் மெஸ்டர்'களில் ஒருவரான ஸ்டான் ஷா 2021-ல் 94 வயதில் காலமானார். அரசி எலிசபெத்துக்கும் கத்தி செய்துகொடுத்தவர்; அவரது கத்திக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். மடக்குக் கத்தி செய்வது இன்று பிரிட்டனின் அழியும் அபாயத்திலுள்ள கைத்தொழில்கள் பட்டியலில் இருக்கிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய பட்டறைகளே மிச்சம்.

பிரான்ஸின் லாகியோல் கிராமம் தன் பெயரையே தொலைத்தது. 1993-ல் வெளியூர்த் தொழிலதிபர் ஒருவர் 'லாகியோல்' என்ற பெயரைப் பல பொருட்களுக்கு வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டார். இறக்குமதியான மலிவுக் கத்திகளிலும் தேனீ உட்கார்ந்தது. வழக்குகள் நீண்டன. 2012-ல் கிராமத்தார் ஊர்ப் பெயர்ப்பலகையைக் கழற்றி எதிர்ப்புக் காட்டினார்கள். ஸோலிங்கனுக்கு இருந்த பெயர்ப் பாதுகாப்பு, அன்று மேய்ப்பர் கிராமத்துக்கு இருக்கவில்லை.

---

பெட்டிச் செய்தி: நம் பக்கத்து மடக்கு

ஓலைச்சுவடிக் காலத்தில் தமிழ்நாட்டு எழுத்தர்கள் மடியில் வைத்திருந்ததும் ஒரு மடக்குக் கருவிதான். எழுத்தாணியில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என மூன்று வகை உண்டு. அவற்றில் மடக்கெழுத்தாணிக்கு ஒரு பக்கம் எழுதும் ஊசி, மறுபக்கம் ஓலையை நறுக்கிச் சீர்செய்யக் கத்தி. இரண்டும் பிடிக்குள் மடங்கும்.

மேலைநாட்டுக் கத்திகளின் விலையுயர்ந்த பிடிகளில் ஒன்று 'ஸ்டாக்' எனப்படும் மான்கொம்பு. அதற்கு மிகவும் மதிக்கப்பட்டது இந்தியக் கடமானின் கொம்பு. கடமான் தானாக உதிர்க்கும் கொம்பும் ஏற்றுமதியானது. பின்னர் இந்திய அரசு அந்த வணிகத்துக்குத் தடை விதித்தது. பழைய இருப்பில் செய்த பிடிகளுக்கு அதனால்தான் அத்தனை மதிப்பு.

உத்தரப்பிரதேசத்தின் ராம்பூரி கத்தியை இந்திப் படங்கள் வில்லன்களின் கையில் கொடுத்துப் புகழேற்றின. கட்டுப்பாடுகள் வந்தபின் பட்டறைகள் சுருங்கின. ராம்பூரில் இப்போது நாற்சந்தி ஒன்றில் ராட்சதக் கத்திச் சிலை நிற்கிறது.

---

பென்சில் சீவும் ஆறு வயது

கத்திப் பயத்தின் நீண்டகால விளைவைப் பார்க்க ஜப்பானுக்குப் போக வேண்டும். போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கே பள்ளிச் சிறுவர்களின் பையில் ஹிகோனோகாமி இல்லாமல் இருக்காது. பென்சில் சீவுவதும் மூங்கில் பொம்மை செய்வதும் அதில்தான். 1960 அக்டோபர் 12 அன்று சோஷலிசக் கட்சித் தலைவர் இனெஜிரோ அசானுமாவை மேடையிலேயே 17 வயது இளைஞன் ஒருவன் குத்திக் கொன்றான். அவன் பயன்படுத்தியது குறுவாள். ஆனால் அதையொட்டி எழுந்த 'பிள்ளைகளுக்குக் கத்தி கொடுக்காதீர்கள்' இயக்கம் பென்சில் கத்தியையும் அடித்துக்கொண்டு போனது. வகுப்பறைகளில் பென்சில் துருவிகள் வந்து உட்கார்ந்தன. மிகி நகரில் ஒரு காலத்தில் பலர் செய்த ஹிகோனோகாமியை, அந்தப் பெயரின் உரிமையோடு இன்று செய்வது நாகாவோ குடும்பப் பட்டறை ஒன்றுதான்.

நாகானோ மாநிலத்தின் இகேதா ஊரில் ஒரு தொடக்கப்பள்ளி மட்டும் எதிர்த்திசையில் நடந்தது. 1980-களிலிருந்து அங்கே முதல் வகுப்பில் சேரும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு ஹிகோனோகாமி கொடுக்கிறார்கள். அதில்தான் பென்சில் சீவ வேண்டும். எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கம் தள்ளுவது, எப்போது மடக்குவது என்பதெல்லாம் பாடத்தின் பகுதி. விரலில் சின்னக் கீறல் விழுவதும் அந்தப் பாடத்தின் பகுதிதான்.

பிரியர்கள் கூடும் மேசையிலும் இதுபோன்ற ஒரு கல்வி நடக்கிறது. மடக்கிக் கொடு, கேட்டுத் திற, உன்னைப் பார்த்து வெட்டாதே, நெம்புகோலாக்காதே என்று. கத்தியைப் பரிசாகத் தந்தால் வாங்குபவர் ஒரு நாணயம் தர வேண்டும், இல்லாவிட்டால் நட்பு அறுந்துவிடும் என்ற ஐரோப்பிய நம்பிக்கையை இன்றும் பின்பற்றுகிறார்கள். நம் வீடுகளிலும் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கமாட்டார்கள். கீழே வைத்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். 'கையில் கொடுத்தால் சண்டை வரும்' என்ற பாட்டியின் எச்சரிக்கைக்குள் பாதுகாப்புப் பயிற்சி ஒன்று ஒளிந்திருக்கிறது.

---

பெட்டிச் செய்தி: பையில் வைப்பவர்களின் பாடம்

• புளிப்பான பழம் நறுக்கினால் உடனே துடைக்க வேண்டும். கார்பன் எஃகில் படியும் சாம்பல் நிறம் நல்லது, செந்துரு கெட்டது.
• அலகு சுழலும் மூட்டில் அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய். உணவு நறுக்கும் கத்தி என்றால் உணவுக்கு ஏற்ற கனிம எண்ணெய்.
• மூடி நெம்பவும் திருகாணி கழற்றவும் அலகைப் பயன்படுத்தினால் முனை போய்விடும்.
• பூட்டில்லாத கத்தியால் குத்தித் துளையிட முயலக் கூடாது. மடங்கி விரலை வெட்டும்.
• மழுங்கிய கத்தியே ஆபத்தானது. பலம் கொடுத்து அழுத்தும்போதுதான் வழுக்கும்.

---

நீளத்தை அளந்தால் போதுமா?

'கத்தியோடு மாணவன்' என்ற செய்தி நமக்கும் புதிதல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தமிழ்நாடே அதிர்ந்தது. அரிவாள் என்பது வயலிலும் தோப்பிலும் அன்றாடம் புழங்கும் கருவி. அதன் நீளத்தை யாரும் காரணமாகச் சொல்லவில்லை. அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு ஆராய்ந்ததும் பள்ளிகளுக்குள் ஊறிப்போன சாதியைத்தான். அங்கே அளக்கப்பட வேண்டியது எது என்பதில் குழப்பமில்லை.

இதைச் சொல்வதால் கட்டுப்பாடே வேண்டாம் என்று ஆகிவிடாது. பயமுறுத்துவதற்கென்றே வடிவமைத்த, ரம்பப் பல்லும் துளைகளும் கொண்ட 'ஸோம்பி' கத்திகளை 2024 செப்டம்பரில் இங்கிலாந்தும் வேல்ஸும் தடைசெய்தபோது, பழைய பாணிப் பிரியர்களுக்கு அதில் இழப்பு ஒன்றுமில்லை. அது கருவியே அல்ல என்பதை முதலில் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். ரயிலிலும் விமானத்திலும் திருவிழாக் கூட்டத்திலும் கத்தி வேண்டாம் என்பதையும் ஏற்கலாம். சிக்கல் அதற்கு அப்பால் தொடங்குகிறது. தோட்டக்காரரின் பையிலும் மீனவரின் இடுப்பிலும் மாணவியின் பென்சில் பெட்டியிலும் இருப்பதை ஒரே தராசில் நிறுத்தும்போது, குற்றவாளிக்கு நட்டமில்லை. அவனுக்குச் சமையலறைக் கத்தி போதும். நட்டம், பட்டறைக்கும் பழக்கத்துக்கும்.

மிகியில் நடந்தது அதுதான். முதலில் பிள்ளைகளின் பையிலிருந்து கத்தி போனது. பிறகு அதைக் கையாளும் பயிற்சி போனது. பிறகு செய்யும் கைகள் குறைந்தன. கடைசியில் கத்தி என்றாலே ரத்தம் என்ற எண்ணம் மட்டும் தங்கியது. தினமும் ஒரு மடக்குக் கத்தியை எடுத்துச்சென்று, பழம் நறுக்கி, துடைத்து, படம்பிடித்துக் காட்டும் மனிதர்கள் அந்த வரிசையைத் தலைகீழாக ஓட்டிப் பார்க்கிறார்கள். அவர்கள் வாங்குவதால் டைட்டஸ்வில்லில் சாணை சுழல்கிறது. அவர்கள் கற்றுத்தருவதால் அடுத்த தலைமுறைக்குப் பிடிக்கத் தெரிகிறது.

பிரிட்டிஷ் சட்டம் மூன்று அங்குலத்தை விட்டுவைத்ததற்குக் காரணம், 1988-ல் அந்நாட்டில் பேனாக்கத்தி வைத்திருப்பது அத்தனை சாதாரணமாக இருந்ததுதான். அதைக் குற்றமாக்கினால் பாதி நாட்டைக் குற்றவாளியாக்க வேண்டியிருந்திருக்கும். இன்று ஒரு புதுச் சட்டம் எழுதினால் அந்த விலக்கு இடம்பெறுமா என்பது, எத்தனை பேர் இன்னமும் அந்தக் கத்தியைக் கருவியாகவே புழங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு பொருளைப் புழங்குபவர்கள் இல்லாமல்போனால், அதற்காக வாதாட யாரும் நாடாளுமன்றத்துக்குப் போவதில்லை.